பூஜ்யம் இல்லாத கட்டடம்

அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களில் அவருடைய முகத்தை அறிந்தவர்கள் குறைவு. முதுகை அறியாதவர்கள் யாரும் இல்லை. லிஃப்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு மர ஸ்டூல், அதன்மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு முதுகு, பித்தளைக் கைப்பிடியை விடாமல் பிடித்திருக்கும் ஒரு கை. "ஆறு" என்பார்கள். முதுகுக்கு மேலே இருக்கும் தலை லேசாக அசையும். மடிப்புக் கம்பிக் கதவு கிறீச்சிட்டுக்கொண்டு மூடும். ஆறு வந்ததும் இறங்கிப் போய்விடுவார்கள். பெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காலையில் நுழைந்தால் சாயங்காலம் வரை பெட்டிக்குள் இருக்கிறவரை வேறு என்னவென்று சொல்வார்கள்?

கட்டடம் பழையது. தெருவிலிருந்து படியேறி நுழையும் தளம் ஒன்று. அதற்கு மேல் ஒன்பது வரை. அதற்குக் கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று. ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் அதன் எண்ணை வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதியிருந்தது. லிஃப்ட் போகும்போது கம்பிக் கதவுக்கு வெளியே வெறும் சுவர் ஓடும், ஓர் எண் வரும், மறுபடி சுவர் ஓடும். கட்டடத்தில் ஜன்னல்கள் நிறைய உண்டு. அவர் பக்கத்தில்தான் ஒன்றும் இல்லை. வெளியே மழை பெய்கிறதா என்பதை உள்ளே வருகிறவர்களின் குடையைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

இந்த வேலைக்கு அவர் வந்தது தற்காலிகமாகத்தான். பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடமும் எழுதிவிட்டார். கணக்குத் தேர்வன்று காலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தேர்வுக்கூடத்துக்குப் போக வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்புறம் சித்தப்பா ஒருவர் இங்கே கூட்டிவந்து, "ரெண்டு மாசம் இதைப் பாருடா, அப்புறம் யோசிப்போம்" என்று ஸ்டூலில் உட்காரவைத்தார். அந்த அப்புறம் வரவேயில்லை. அப்பா போனார், சித்தப்பா போனார், கல்யாணம் ஆயிற்று, தலை நரைத்தது. ஸ்டூலை மட்டும் ஒருதடவை மாற்றினார்கள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சுற்றறிக்கை வந்தது. இரண்டு லிஃப்டுகளையும் கழற்றிவிட்டுத் தானியங்கி லிஃப்ட் போடப்போகிறார்களாம். ஓட்ட ஆள் வேண்டாம். பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறியிருப்பவருக்கு ஏழாம் தளத்து ஆவணப் பிரிவில் உதவியாளர் வேலை. தேறாதவருக்கு மைனஸ் மூன்றில் பம்பு அறை.

பக்கத்து லிஃப்டை ஓட்டியவர் ஒட்டடைக்கம்பு மாதிரி உயரமாக இருப்பார். அவர் தேறியிருந்தார். "கணக்குல என்னை எப்படிப் பாஸ் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது" என்று சிரித்தார். "திருத்தினவர் வீட்ல அன்னிக்கு ஏதோ நல்ல சேதி வந்திருக்கும்."

நிர்வாக அதிகாரி நல்ல மனிதர். கூப்பிட்டு உட்காரச் சொல்லியே பேசினார். "ஒரே ஒரு பாடம்தானே பாக்கி? தனித்தேர்வு வருஷத்துக்கு ரெண்டுதடவை நடக்குது. புது லிஃப்ட் வர எப்படியும் ஒன்றரை வருஷம் ஆகும். எழுதிருங்க. அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லை."

மூன்று வாய்ப்பு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு பெட்டிக்காரர் வெளியே வந்தார்.

பம்பு அறையை அவருக்கு நன்றாகத் தெரியும். மைனஸ் மூன்றில் கதவைத் திறந்தால் முதலில் சத்தம் வந்து நெஞ்சில் மோதும். பிறகு ஈரம். குழாய்கள் வியர்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு நாற்காலி, அதில் பம்பு அறைக்காரர். அவருக்குக் காது போய் வெகுநாளாயிற்று. யாரும் வாயைத் திறக்காமல் நின்றாலும், "என்ன? என்ன சொன்னீங்க?" என்று கேட்பார். லிஃப்ட் ஒரு பெட்டிதான், ஆனால் அது நகரும். பல முகங்கள் வந்து போகும். பம்பு அறை நகராத பெட்டி. அங்கிருந்து மேலே வரும் ஒவ்வொரு முறையும், கதவை மூடிய பிறகுதான் அவருக்கு மூச்சு சரியாக வரும்.

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே விஷயத்தைக் கேட்டாள்.

"இப்பவே நான் சொல்றதுல பாதி உங்க காதுல ஏறறதில்ல. அங்க போய் உட்கார்ந்தா மீதியும் போயிரும். தம்பியைக் கூப்பிடறேன். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறான், சொந்த அத்தானுக்குச் சொல்லித் தரமாட்டானா?"

தம்பி இரண்டு தெரு தள்ளி டியூஷன் நடத்துகிறவன். எல்லோருக்கும் அவன் வாத்தியார், அக்காவுக்குக்கூட. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். கெட்டிக்காரன், பொறுமைதான் கிடையாது. டியூஷன் முடிந்து, தொண்டை கட்டிப்போய் வருவான். துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு மேஜையில் இருவரும் உட்காருவார்கள்.

முதல் நாளே எக்ஸ் வந்தது.

"எக்ஸ்ன்னா யாரு மச்சான்?"

"யாருன்னு தெரியாதவர். அவர் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை."

பெட்டிக்காரருக்கு அது உடனே பிடிபட்டது. எந்தத் தளம் என்று சொல்லாமல் ஏறி நிற்கும் ஆள். அவரோடு வந்திருக்கும் மூட்டை முடிச்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால், கடைசியில் ஆள் தனியாக நிற்பார். எந்தத் தளம் என்பது தெரிந்துவிடும். இந்தப் பக்கம் கூட்டலாக இருப்பது அந்தப் பக்கம் போனால் கழித்தலாகும். பெருக்கியிருந்தால் வகுக்க வேண்டும். எக்ஸை எக்ஸோடுதான் சேர்க்க வேண்டும், எண்ணை எண்ணோடுதான். இதெல்லாம் அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. மைனஸில்தான் தடுமாறினார். மூன்றிலிருந்து ஐந்தை எப்படிக் கழிப்பது? இருப்பதே மூன்றுதானே?

வாத்தியார் பென்சிலைக் கீழே போட்டான்.

"மைனஸ்ன்னா ஏன் அத்தான் பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க? காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நீங்க பண்றதே அதுதான். கூட்டல்னா மேல போறது. கழித்தல்னா கீழ இறங்குறது. மூணுல நிக்கிறீங்க. அஞ்சு கழிக்கணுமா, அஞ்சு தளம் கீழ இறங்குங்க. எங்க போய் நிக்குதோ அதான் விடை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பெட்டிக்காரர் கணக்குப் போடும்போதெல்லாம் மண்டைக்குள் லிஃப்ட் ஓடியது. ஒன்பது எக்ஸிலிருந்து நாலு எக்ஸ் போக வேண்டும் என்றால், ஒன்பதாம் தளத்திலிருந்து நாலு தளம் இறங்குவார். ஐந்து எக்ஸ். சரி. மைனஸ் ஒன்றிலிருந்து இன்னும் இரண்டு இறங்கினால் மைனஸ் மூன்று. அதுவும் சரி. மைனஸ் என்றால் இருந்த பயம் போய்விட்டது. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். "என்ன, குறட்டை ஏழாம் மாடி வரைக்கும் கேட்கும் போலிருக்கே" என்றாள் மனைவி.

ஆனால் விடைகள் தப்பாக வர ஆரம்பித்தன. எல்லாமே தப்பு என்றாலும் ஒரு வழி உண்டு. சில சரி, சில தப்பு. படிகளெல்லாம் ஒழுங்காக இருக்கும்; கடைசி வரியில் விடை உதைக்கும். வாத்தியாருக்கு அலுப்பு. படிகளை மேலோட்டமாகப் பார்த்து, கடைசி வரியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து, 'கவனம்' என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவான்.

"விடையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கன்னு எத்தனைதடவை சொல்றது? எக்ஸ் இருக்கிற இடத்துல விடையைப் போட்டா ரெண்டு பக்கமும் சமமா வரணும். வரலைன்னா தப்பு."

"போட்டுப் பார்த்தேன் மச்சான். சமமாத்தான் வருது."

"வராது அத்தான். தப்பான விடை எப்படிச் சமமா வரும்?"

வந்தது. அதுதான் அவருக்கு வந்து வாய்த்த சங்கடம். ஐந்து தளம் இறங்கினவர் அதே ஐந்து தளம் ஏறினால் புறப்பட்ட இடத்துக்குத்தானே வருவார்? அவர் எப்படிச் சரிபார்த்தாலும் கணக்கு சரி என்றே சொன்னது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளோ தப்பு என்றன. எங்கே தப்பு என்று அவையும் சொல்லவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. சுற்றிலும் சுவர், கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இவ்வளவு வருஷம் பெட்டிக்குள் உட்கார்ந்தபோது வராத மூச்சுத்திணறல், ஒரு வெள்ளைத்தாளுக்கு முன்னால் வந்தது.

முதல் தேர்வில் போனார். இரண்டாவது தேர்விலும் போனார். அக்காவின் வீட்டுக்கு வருவதையே வாத்தியார் குறைத்துக்கொண்டான். தன்னிடம் படித்து இரண்டுமுறை தோற்ற ஒரே ஆள் சொந்த அத்தான் என்பதில் அவனுக்கும் தெருவில் தலைகுனிவு.

கட்டடத்தில் புது லிஃப்டின் பெட்டிகள் வந்து இறங்கி, பின்பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. பம்பு அறைக்காரர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். ஒருநாள் மைனஸ் மூன்றில் கதவைத் திறந்தபோது அவர் தன் நாற்காலியைத் தட்டிக் காட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கால் ஆடும். ஒரு காகிதத்தை மடிச்சு வச்சுக்குங்க" என்று கத்தினார். உதவியாகத்தான் சொன்னார். பெட்டிக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது தேர்வுக்கான நுழைவுச்சீட்டு, விண்ணப்பத்தில் கொடுத்திருந்த வாத்தியாரின் முகவரிக்குத்தான் வரும். ஒரு மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவன் கட்டடத்துக்கே வந்தான். அதற்கு முன் அவன் அங்கே வந்ததில்லை. லிஃப்ட் ஒன்றாம் தளத்தில் நின்றிருந்தது.

"என்ன மச்சான், வீட்ல குடுத்திருக்கலாமே?"

"அக்கா முன்னாடி பேச வேண்டாம்னு வந்தேன்."

அதற்குள் மைனஸ் இரண்டிலிருந்து மணி அடித்தது. "ஏறிக்கோ, போய்க்கிட்டே பேசலாம்" என்றார். வாத்தியார் தயங்கி ஏறினான். கதவு மூடியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியது.

"அத்தான், மனசுல வச்சுக்காதீங்க. இந்தத் தடவை எழுத வேண்டாம். மூணாவதுதடவையும் போனா உங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம். சில பேருக்குச் சில விஷயம் வராது. பம்பு ரூம் ஒண்ணும் நரகம் இல்லையே. உட்கார்ந்த இடத்துல சம்பளம்."

பெட்டிக்காரர் பதில் சொல்லுமுன் ஒரு குலுக்கு. மின்விசிறி நின்றது. தலைக்கு மேல் பேட்டரி விளக்கு மஞ்சளாக எரிந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே வெறும் சுவர்.

"கரண்ட் போயிருச்சு" என்றார் பெட்டிக்காரர், பஸ் வந்துவிட்டது என்பதைப் போல.

"எங்க இருக்கோம்?"

"ஒண்ணுக்கும் மைனஸ் ஒண்ணுக்கும் நடுவுல. மெக்கானிக் மேல போய்க் கையால சுத்தி இறக்குவார். சாப்பாட்டு நேரம், கொஞ்சம் ஆகும்."

வாத்தியார் கதவைப் பிடித்து உலுக்கினான். சட்டைக் காலரைத் தளர்த்தினான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. "காத்து வருமா அத்தான்? காத்து வருமில்ல?" என்று இரண்டுதடவை கேட்டான். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தாராளமா வரும். கம்பிக் கதவுதானே? உட்காரு" என்று ஸ்டூலில் அவனை உட்காரவைத்தார் பெட்டிக்காரர். அந்த ஸ்டூலில் இன்னொருவர் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. "சுவரைப் பார்க்காதே, என்னைப் பாரு. எனக்கு ஒரு கணக்குச் சொல்லு."

"இப்பவா?"

"வேற என்ன வேலை இருக்கு? சொல்லு."

வாத்தியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "ரெண்டு எக்ஸ் கூட்டல் அஞ்சு, சமம் மூணு."

"கூட்டல் அஞ்சு அந்தப் பக்கம் போனா கழித்தல் அஞ்சு. ரெண்டு எக்ஸ் சமம் மூணு கழித்தல் அஞ்சு." பெட்டிக்காரர் கைப்பிடிக்கு மேலே இருந்த எண் தகட்டில் மூன்றின்மேல் விரலை வைத்தார். வழக்கமாக மனதுக்குள் செய்வதை, எதிரில் இருப்பவனின் பயத்தைத் தணிக்க, உரக்கச் செய்தார். "மூணு. இறங்குறேன். ரெண்டு, ஒண்ணு, மைனஸ் ஒண்ணு, மைனஸ் ரெண்டு, மைனஸ் மூணு. அஞ்சு தளம் ஆச்சு. ரெண்டு எக்ஸ் சமம் மைனஸ் மூணு. அப்போ எக்ஸ் மைனஸ் ஒன்றரை. ஆளு மைனஸ் ஒண்ணுக்கும் மைனஸ் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான், நம்மளை மாதிரி."

வாத்தியார் சிரிக்கவில்லை. தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடி பண்ணுங்க. மெதுவா."

பண்ணினார். விரல் ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்றுக்கு இறங்கியது.

"மூணுல மூணு போனா எவ்வளவு அத்தான்?"

"மிச்சம் ஒண்ணும் இல்ல. இதைப் போய்க் கேக்கறே."

"மூணுல நாலு போனா?"

விரல் இறங்கியது. "மைனஸ் ரெண்டு."

"ஒண்ணே ஒண்ணுதான் கூடக் கழிச்சீங்க. ஒண்ணும் இல்லாத இடத்துல இருந்து ஒண்ணு குறைஞ்சா மைனஸ் ஒண்ணுதானே ஆகும்? எப்படி மைனஸ் ரெண்டுக்குப் போனீங்க?"

பெட்டிக்காரர் தகட்டை நெருங்கிப் பார்த்தார். விரலைத் தகட்டில் மேலும் கீழும் நகர்த்தினார்.

"பூஜ்யம் எங்க அத்தான்?" என்றான் வாத்தியார். குரல் தணிந்திருந்தது.

"இந்தக் கட்டடத்துல பூஜ்யம் கிடையாது மச்சான். ஒண்ணுக்குக் கீழ மைனஸ் ஒண்ணுதான்."

மேலே எங்கோ யாரோ படியில் தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"நான்தான் சொன்னேன்" என்றான் வாத்தியார். "லிஃப்டை நினைச்சுக்கோங்கன்னு நான்தானே சொன்னேன். தெருவுல நுழையற தளத்தைப் பூஜ்யம்னு நானா நினைச்சுக்கிட்டேன். நீங்க நான் சொன்னபடியேதான் போட்டிருக்கீங்க. ஒரு கணக்குகூட விடாம."

பெட்டிக்காரருக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நாள் தடவித் தடவித் தேடிய கதவு கையில் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது. ஒன்றைத் தாண்டாத கணக்கெல்லாம் ஏன் சரியாக வந்தது, தாண்டிய கணக்கெல்லாம் ஏன் ஒரு படி இடறியது, திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் ஏன் சமமாகவே வந்தது, எல்லாம் ஒரே கணத்தில் விளங்கியது. அவர் கம்பிக் கதவுக்கு வெளியே இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தார்.

"அப்போ நாம இப்ப நிக்கிற இடம்..."

"அதேதான்."

"சாக்பீஸ் வச்சிருக்கியா?"

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பெட்டிக்காரர் கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்து, சுவரில், மற்ற எண்களின் அளவுக்கே பெரிதாக, ஒரு பூஜ்யம் வரைந்தார். மெக்கானிக் லிஃப்டைச் சுற்றி இறக்கத் தொடங்கியபோது அது மெதுவாக மேலே ஏறிப் போய் மறைந்தது. நுழைவுச்சீட்டு வாத்தியாரின் கையில் கசங்கிப்போயிருந்தது. அவன் அதைத் தொடையில் வைத்து நீவிவிட்டு நீட்டினான்.

தப்பு தெரிந்துவிட்டது, ஆனால் போய்விடவில்லை. வருஷக்கணக்காக உடம்பில் ஏறிய எண்ணிக்கை ஒரு மத்தியானத்தில் இறங்குமா? கையை விட்டால் விரல் பழையபடி ஒன்றிலிருந்து மைனஸ் ஒன்றுக்குத் தாவியது. அதனால் ஒவ்வொருதடவை சுவரில் அந்தச் சாக்பீஸ் வட்டம் கடக்கும்போதும் "பூஜ்யம்" என்று முணுமுணுத்தார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வட்டம் மங்கினால் மறுபடி வரைந்தார்.

"என்ன, சுவத்துல முட்டை போட்டு வச்சிருக்கீங்க?" என்றார் பக்கத்து லிஃப்ட்காரர். "பரீட்சைக்கு முன்னாடியே மார்க் வந்திருச்சா?"

"வந்திருச்சு. அதைத் தாண்டிப் போகத்தான் பழகிக்கிட்டு இருக்கேன்."

தேர்வுக்கூடத்தில் கடைசிக்கு முந்தின கணக்கு இப்படி இருந்தது: 5x + 9 = 2x + 3. எக்ஸ்களை ஒரு பக்கமும் எண்களை ஒரு பக்கமும் ஒதுக்கினார். 3x = 3 – 9. பதற்றத்தில் விரல் பழைய வழியில் இறங்கிவிட்டது. மைனஸ் ஏழு என்று எழுதினார். மூன்றால் வகுபடவில்லை. எக்ஸ் இரண்டு தளங்களுக்கு நடுவில் தொங்கினான். சுற்றிலும் பேனாக்கள் ஓடும் சத்தம் பம்பு ஓடுவது போலவே கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கண்ணை மூடினார். சுவர் ஓடியது. மூன்று, இரண்டு, ஒன்று, சாக்பீஸ் வட்டம். அங்கே ஒரு கணம் நின்றார். பிறகு இறங்கினார். மைனஸ் ஆறு. எக்ஸ் மைனஸ் இரண்டு. பழைய ஆவணங்கள் அடுக்கியிருக்கும் தளம். திருப்பிப் போட்டார், பூஜ்யத்தை விடாமல். அந்தப் பக்கம் மைனஸ் ஒன்று, இந்தப் பக்கம் மைனஸ் ஒன்று. மைனஸ் ஏழை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

தேறிவிட்டார். பெரிய மதிப்பெண் இல்லை, தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்று சொல்லலாம். மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். அது பெரிய விஷயம். வாத்தியார் ஊர் முழுக்கச் சொன்னான். சாக்பீஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

ஏழாம் தளத்தில் அவருக்கு ஜன்னல் ஓரத்தில் மேஜை கிடைத்தது. முதல் நாள் ஜன்னலைத் திறக்கப் பார்த்தார். கண்ணாடி நிரந்தரமாகப் பதித்தது, திறக்காது என்றார்கள். பரவாயில்லை, மழை தெரிந்தது.

பழைய கோப்புகளை எடுக்க அவர் அடிக்கடி மைனஸ் இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. புது லிஃப்டில் கம்பிக் கதவு கிடையாது. நாலு பக்கமும் பளபளக்கும் தகடு. வெளியே சுவர் ஓடுவதும் தெரியாது, சுவரில் இருப்பதும் தெரியாது. புதிய எண் பலகையிலும் ஒன்றுக்கு அடுத்தது மைனஸ் ஒன்றுதான். ஸ்டூல் இருந்த மூலையிலேயே அவர் நிற்பார். முகம் இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்றைத் தாண்டி லிஃப்ட் இறங்கும்போது உதடு மட்டும் அசையும்.

கூட வந்த பழைய பக்கத்து லிஃப்ட்காரர் அதைக் கவனித்துவிட்டார். "இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

"எவனும் அங்க நிறுத்தறதில்லை" என்றார் பெட்டிக்காரர். "நாமளாவது சொல்லிட்டுப் போவோம்னுதான்."